நகராண்மைக் கழக எல்லை தோட்டத்துக்குள் வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சுண்டல் கொடுத்த பிறகு, கோயில் மண்டபத்து ஓர மேசையில் நான் உட்கார்ந்துவிடுவேன். செம்பனை, ரப்பர்த் தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தாமான்களிலிருந்தும், அதாவது வீட்டுக் குடியிருப்புகளிலிருந்தும், வருகிறவர்கள் தங்களுக்கு வந்த மலாய்க் கடிதங்களைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாசித்துச் சொல்வேன், பதில் எழுத வேண்டியிருந்தால் எழுதிக் கொடுப்பேன். கொஞ்ச நாளாக வருகிற கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். நகராண்மைக் கழகம் தன் எல்லையை விரித்து, தோட்டத்தைப் பெக்கானோடு, அதாவது பக்கத்துச் சிறு நகரத்தோடு, சேர்க்கப் போகிறது என்று பேச்சு: “தோட்டம் பெக்கானோடு சேருதாமே, நமக்கு என்ன ஆகும்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நகராண்மைக் கழகம் நினைத்தால் எங்கள் தோட்டத்தைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ள முடியுமா?

தானாக முடியாது. வரைபடம் போட்டு, காரணம் எழுதி, மாநில அரசிடம் கேட்கலாம். முடிவு மாநில அரசுடையது. ஊராட்சி, அதாவது நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் போன்றவற்றின் நிர்வாகம், நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, இதை விவரமாகச் சொல்கிறது. ஒரு பகுதியை ஊராட்சிப் பகுதி என்று அறிவித்து எல்லை வகுப்பது 3ஆம் பிரிவு. வகுத்த எல்லையைப் பிறகு மாற்றுவது 4ஆம் பிரிவு. மாநில அரசு அதற்கு முன் ஊராட்சித் துறை அமைச்சரையும் தேர்தல் ஆணையச் செயலாளரையும் கலந்து பேச வேண்டும். அப்புறம் அரசிதழில் வெளியிட வேண்டும். மலாயில் வார்த்தா என்பார்களே, அதுதான். அரசிதழில் வராத வரை, பெக்கானில் யார் என்ன சொன்னாலும் அது பேச்சுதான்.

அப்படியென்றால் எந்த நிலத்தைச் சேர்ப்பது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

இன்ன இன்ன தகுதி இருந்தால் சேர்க்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் எதுவும் இல்லை. நடைமுறையில் மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன.

முதலாவது, வீடுகள் எங்கே போகின்றன என்பது. ஒரு பெக்கானைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும் இருந்தால், வளர்ச்சிக்கு இடம் தோட்டம்தான். பெரிய பரப்பு, ஒரே உரிமையாளர், பெரும்பாலும் மேட்டு நிலம். நூறு பேரிடம் பேசி வாங்குவதைவிட ஒரு கம்பெனியிடம் பேசுவது சுலபம். இந்த நாட்டின் நகரங்கள் பல இப்படித்தான் உருவாயின. சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். 1970களில் அங்கே வீடுகள் எழும்ப ஆரம்பித்தன. 1997 ஜனவரியில் பெட்டாலிங் மாவட்ட மன்றத்தின் இடத்தில் சுபாங் ஜெயா நகராண்மைக் கழகம் வந்தது. புத்ராஜெயா இருக்கும் இடம் பெராங் பெசார் தோட்டம். அது 2001 பிப்ரவரியில், மத்திய அரசான கூட்டரசின் நேர் ஆட்சியில் உள்ள ஒரு கூட்டரசுப் பிரதேசமாகவே ஆனது. அங்கே ரப்பர்ப் பால் வெட்டிய நம் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். எல்லையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த அடுக்குமாடிதான் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டாவது, தண்ணீரும் ரோடும். மேட்டில் ஒரு தாமான் கட்டினால் அதன் வாய்க்கால் தண்ணீர் கீழே உள்ள தோட்டத்துக்குள்தான் இறங்கும். மேடு ஒரு நிர்வாகம், பள்ளம் இன்னொரு நிர்வாகம் என்றால் வெள்ளம் வந்த அன்று யாரும் பொறுப்பு எடுக்க மாட்டார்கள். அதனால் ஆறு, பெரிய ரோடு, முக்கிம் என்ற மாவட்ட உட்பிரிவின் எல்லை, லாட் என்ற நிலத் துண்டின் எல்லை இவற்றை ஒட்டித்தான் கோடு போடுவார்கள். ஒரு லாட்டை நடுவில் வெட்டிக்கொண்டு போவதைத் தவிர்ப்பார்கள்.

மூன்றாவது, பணம். ஒளித்துப் பேச இதில் ஒன்றுமில்லை. கழகத்தின் சொந்த வருமானத்தில் பெரும்பங்கு மதிப்பீட்டு வரி. தொழிற்சாலையும் கடைவீடும் நிறைந்த நிலம் வரி தரும். லயமும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளும், செம்பனையும் உள்ள நிலம் செலவுதான் வைக்கும். இதோடு அந்தஸ்து விஷயமும் உண்டு. 2008இல் வகுத்த அளவுகோலின்படி நகராண்மைக் கழகமாக உயர ஒன்றரை லட்சம் மக்களும் ஆண்டுக்கு 2 கோடி வெள்ளி (ரிங்கிட்) வருமானமும் வேண்டும். மாநகராக ஐந்து லட்சம் மக்களும் 10 கோடி வெள்ளியும் வேண்டும். உயர நினைக்கிற ஒரு மன்றத்துக்கு, எல்லைக்கு அப்பால் முளைக்கிற புதுத் தாமான் கண்ணில் படாமல் இருக்காது.

மேலிடத்து முடிவு என்பதும் ஒன்று உண்டு. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கூட்டரசுப் பிரதேசமானபோது அதன் பரப்பு சுமார் 93 சதுர கிலோமீட்டரிலிருந்து 243 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சுற்றியிருந்த தோட்டங்களும் ஈயக் குட்டை நிலங்களும் கிராமங்களும் ஒரே நாளில் தலைநகரத்துக்குள் வந்துவிட்டன. அது ஒரு நகர மன்றம் கேட்டு வாங்கிய நிலமல்ல, கூட்டரசும் சிலாங்கூரும் பேசி முடித்தது.

எங்களிடம் ஓட்டுக் கேட்க மாட்டார்களா?

மாட்டார்கள். எல்லையை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு என்ற வழி நம் சட்டத்தில் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், கழக உறுப்பினர்களையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு தலைவர், அவரோடு எட்டுப் பேருக்குக் குறையாமல் இருபத்து நாலு பேருக்கு மேற்படாமல் உறுப்பினர்கள் என எல்லாரையும் மாநில அரசுதான் நியமிக்கிறது.

முன்பு அப்படி இல்லை. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டில் ஊராட்சியைப் பற்றி ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுத்த மன்றங்கள்தான் வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரை செய்தது. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை எடுத்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆதி நாகப்பன் பெயரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. எல்லைக் கோடு போடுகிற இடத்தில் நமக்கு ஓட்டு இல்லாமல் போனது ஏன் என்று அவர்களுக்குப் புரியும்.

நில வரி, மதிப்பீட்டு வரி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, வேறு வேறு. நில வரி, அதாவது சுக்காய் தானா, நில அலுவலகத்துக்குப் போகும். மாநிலத்தின் வருமானம் அது. எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ, கிராண்ட், அதாவது நிலப் பட்டா, யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். மதிப்பீட்டு வரியைச் சுக்காய் தக்சிரான் என்றோ சுக்காய் பிந்து என்றோ சொல்கிறோம். அது கழகத்துக்குப் போகும். ஊராட்சிப் பகுதிக்குள் இருந்தால்தான் அது வரும். ஆண்டுக்கு இரண்டு தவணை, பிப்ரவரி முடிவதற்குள் ஒன்று, ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்று.

மதிப்பீட்டு வரியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதில் இத்தனை விழுக்காடு என்று எடுப்பார்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: மாதம் 300 வெள்ளி வாடகை பெறக்கூடிய வீடு என்றால் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வரி 216 வெள்ளி, தவணைக்கு 108. நீங்கள் வாடகைக்கு விடாமல் நீங்களே குடியிருந்தாலும் கணக்கு அதேதான். சட்டம் அனுமதிக்கும் உச்சம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு, நடைமுறை விகிதம் அதைவிட மிகக் குறைவு. ஜொகூரில் வாடகையைப் பார்க்காமல், கட்டடத்தோடு சேர்த்து நிலத்தின் மதிப்பைப் பார்ப்பார்கள். அதற்கு உச்சம் 5 விழுக்காடு.

வீடு, கடை, தொழிற்சாலை, விவசாய நிலம் என்று வகைக்கு ஒரு விகிதமும், பகுதிக்கு ஒரு விகிதமும் வைக்கலாம். அதனால் “பெக்கான்காரன் கட்டுகிற அதே தொகை நமக்கும் வரும்” என்று யாராவது சொன்னால் நம்பிப் பதற வேண்டாம். முதலில் உங்கள் பகுதிக்கு என்ன விகிதம் என்று கேளுங்கள்.

நான் லயத்தில்தான் குடியிருக்கிறேன். வரி என் தலையில் விழுமா?

பில் நில உரிமையாளருக்கு வரும், அதாவது தோட்டக் கம்பெனிக்கு. லயம் உங்கள் பெயரில் இல்லாதவரை அந்த பில் உங்கள் கைக்கு வராது.

ஆனால் இதில்தான் பெரிய சங்கடமும் இருக்கிறது. பில் கம்பெனிக்குப் போவதால் நோட்டீஸும் கம்பெனிக்குத்தான் போகிறது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்த குடும்பத்துக்கு, அந்த லயம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லி ஒரு காகிதமும் வந்ததில்லை. ஒரு தடவை எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் பிளாஸ்டிக் பையில் தன் காகிதங்கள் அத்தனையையும் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பழைய சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, மகனின் பள்ளிச் சான்றிதழ், தொழிற்சங்க ரசீது. “இதுல எங்க வீட்டுக்குன்னு ஏதாச்சும் இருக்கா பாருய்யா” என்றார். வீட்டுக்கென்று ஒன்றுமே இல்லை. ஐம்பது வருடம் வாழ்ந்ததற்கான ஆதாரம் அந்தப் பைக்குள் இருந்தது, நிலத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் கொஞ்சமாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவோம் என்று தொழிலாளிகளிடம் சொன்னாரே, அதன் அருமை அன்று எனக்கு நன்றாகவே புரிந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் அரசாங்கம் பேசும்.

எல்லைக்குள் வந்துவிட்டால் ரோடு, விளக்கு, குப்பை லாரி எல்லாம் வந்துவிடுமா?

எல்லைக்குள் வருவது ஒன்று, வசதி வருவது இன்னொன்று. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நான் வளர்ந்த தோட்டத்தின் வாசலுக்கு ஒரு நாள் இரவு வந்து நின்று பாருங்கள். பெக்கானிலிருந்து வரும் ரோட்டில் வரிசையாக விளக்குக் கம்பங்கள். கடைசிக் கம்பம் இரும்புக் கேட்டுக்கு நாலு எட்டு முன்னால் நிற்கும். அதன் வெளிச்சம் கேட்டைத் தாண்டி முதல் செம்பனை மரத்தின் அடிமட்டைவரை விழும். அதற்கு அப்புறம் இருட்டு. தாரும் அந்த இடத்தோடு சரி, உள்ளே செம்மண். மழை பெய்தால் தார் ரோட்டின் ஓரத்தில் செம்மண் தண்ணீர் கோடு போட்டது போல் நிற்கும். இரவு டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் அந்தக் கம்பத்தின் அடியில் ஒருவருக்கொருவர் காத்திருந்து, கூட்டமாகத்தான் உள்ளே நடப்பார்கள்.

அந்தக் கேட்டுக்கு உள்ளே இருப்பது தனியார் நிலம். வரைபடத்தில் எல்லைக் கோடு அதைத் தாண்டிப் போனாலும், தனியார் ரோட்டைக் கழகம் தன் பணத்தில் தார் போடாது. ரோடு பொது ரோடாக வேண்டும். அதற்கு உரிமையாளர் அந்த நிலத்தை ஒப்படைக்க வேண்டும். அப்புறம் அது மாரிஸ் என்ற ரோட்டுப் பதிவேட்டில் ஏற வேண்டும். மாநில ரோடுகளைப் பராமரிக்கக் கூட்டரசு தரும் மானியம் அந்தப் பதிவை வைத்துத்தான் கணக்காகிறது. பதிவில் இல்லாத ரோட்டுக்குப் பணம் இல்லை.

அதுவரை லயத்து வசதிக்குப் பொறுப்பு முதலாளிதான். தொழிலாளர் வீட்டு வசதியின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், சட்டம் 446, அதைச் சொல்கிறது. வீடு கொடுத்தால் தண்ணீரும் மின்சாரமும் சரியாக இருக்க வேண்டும், கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டும். அந்தப் புகார் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டியது. கழகத்தின் கவுண்ட்டரில் போய் நின்றால் நேரம்தான் போகும்.

குப்பை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். திடக்கழிவுச் சட்டம் 672 அமலில் உள்ள கெடா, பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் போன்ற இடங்களில் 2011 செப்டம்பரிலிருந்து அந்த வேலை கூட்டரசின் கீழ் போய்விட்டது. பேராக் அதில் சேரவில்லை, இங்கே ஊராட்சி மன்றங்கள்தான் பார்க்கின்றன.

கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் வரி போடுவார்களா?

வழிபாட்டுக்கு மட்டும் பயன்படும் இடம், பொதுப் பள்ளி, உரிமம் பெற்ற இடுகாடு, லாப நோக்கமில்லாத தர்ம இடம் இவற்றுக்கு விலக்கு அளிக்கச் சட்டம் 171இன் 134ஆம் பிரிவு இடம் தருகிறது. “மட்டும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். கோயில் வளாகத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டால் அந்தக் கடைக்கு விலக்குக் கேட்பது கஷ்டம். கோயில் கமிட்டி முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

வரியைவிட முக்கியமானது, கோயில் நிற்கும் நிலம் யாருடையது என்பது. தோட்டத்துக் கோயில்கள் பல கம்பெனி நிலத்தில், அந்தக் காலத்துத் துரை வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதத்தில் நிற்கின்றன. எல்லை விரிவு பற்றிப் பேச்சு எழுந்த உடனேயே, நிலத்தைத் தனி லாட்டாகப் பிரித்துக் கொடுக்கும்படி கம்பெனிக்கும் நில அலுவலகத்துக்கும் கடிதம் போட வேண்டும். தோட்டம் கைமாறிய பிறகு போடும் கடிதத்துக்கு அவ்வளவு பலம் இருக்காது.

எல்லைக்குள் வந்த உடனே தோட்டத்தை வெட்டித் தாமான் கட்டிவிடுவார்களா?

எல்லை மாற்றம் மட்டும் அதைச் செய்யாது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 124ஆம் பிரிவின்படி மாநில அரசின் சம்மதம் வேண்டும், பிரீமியம் கட்ட வேண்டும். கழகத்திடம் திட்ட அனுமதி வாங்க வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தை இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ பிரித்து விற்பதென்றால் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் வேண்டும். 

எங்கள் ஆட்சேபத்தை எங்கே, எப்போது சொல்ல வேண்டும்?

மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், அதுவும் புல்டோசர் வந்த பிறகு. முதலில் கேட்டிருக்க வேண்டியது இது.

நிலத்தின் எதிர்காலம் முதலில் எழுத்தில் வருவது உள்ளூர்த் திட்டத்தில். மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான். இது 1976ஆம் ஆண்டு நகர் கிராமத் திட்டமிடல் சட்டம், சட்டம் 172இன் கீழ் வருவது. எந்த லாட் விவசாயமாகவே இருக்கும், எது வீட்டுப் பகுதி, எது தொழிற்பேட்டை என்று அதில் நிறம் தீட்டியிருப்பார்கள். வரைவு தயாரானதும் மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். இங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். கிராண்ட் தேவையில்லை. லயத்தில் குடியிருப்பவர் எழுதலாம், கோயில் கமிட்டி எழுதலாம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுதலாம். நேரில் பேச வேண்டும் என்று எழுதிக் கேட்டால் விசாரணைக் குழு முன்னால் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

அந்தக் கட்டம் போய்விட்டால் கதவு சுருங்கிவிடும். பிறகு ஒரு கம்பெனி குறிப்பிட்ட நிலத்துக்குத் திட்ட அனுமதி கேட்கும்போது, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில்தான் பக்கத்து நிலத்தாருக்கு நோட்டீஸ் அனுப்பி 21 நாளில் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்து நிலத்தார் என்றால் பதிவான உரிமையாளர்கள். லயத்துக்காரர் அதில் வரமாட்டார். நாற்பது வருடம் அதே மண்ணில் மட்டை வெட்டியவருக்கு அந்த நோட்டீஸ் கிடையாது, அந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காத பக்கத்து லாட் முதலாளிக்கு உண்டு. இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். வாடகைக்கும் வேலைக்கும் குடியிருப்போரையும் அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும். அது மாறும்வரை, நம் கையில் இருப்பது அந்த நான்கு வாரம்தான்.

எழுதும்போது “எங்களுக்கு அநியாயம் நடக்கிறது” என்று மட்டும் எழுதினால் அதைக் கோப்பில் போட்டுவிடுவார்கள். லாட் எண் போடுங்கள். அங்கே எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், கோயிலும் சுடுகாடும் எங்கே என்று வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். என்ன மாற்றம் வேண்டும் என்று சொல்லுங்கள்: கோயில் லாட்டை வழிபாட்டு இடமாகக் குறிக்க வேண்டும், லயத்துக்குப் பதிலாகத் தோட்டத்துக்கு உள்ளேயே வீட்டு நிலம் ஒதுக்க வேண்டும், இப்படி. சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல். கவுண்ட்டரில் முத்திரை போட்ட நகல் ஒன்றை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

தாமானில் என் பெயரில் வீடு இருக்கிறது. வரி அதிகமாக வந்திருக்கிறது, என்ன செய்வது?

புது மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை வர வேண்டும், மாநில அரசு நீட்டித்தால் தள்ளிப் போகும். பட்டியலைச் சரிபார்க்க ஒரு தேதி குறிப்பார்கள். அந்தத் தேதிக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்து மூலம் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும், 142ஆம் பிரிவு. “என்னால் கட்ட முடியாது” என்பது காரணமாகாது. உங்கள் வீட்டின் வாடகை மதிப்பைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்று காட்ட வேண்டும். அதே வரிசையில் உள்ள இரண்டு மூன்று வீடுகளின் வாடகை விவரம் கொண்டு போனால் உதவும். முடிவு திருப்தியில்லை என்றால் உயர்நீதிமன்றம் போகலாம், ஆனால் ஒரு சாதாரண வீட்டு வரிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கட்டாமல் விட்டால்?

போராங் ஈ, அதாவது ஈ படிவம், என்ற நோட்டீஸ் வரும், 15 நாள் அவகாசம். அதற்கும் அசையாவிட்டால் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வாரண்டு வரலாம். கஷ்டம் இருந்தால் அதற்கு முன்பே போய்த் தவணை கேளுங்கள். அபராதத்தைக் குறைத்துக் கொடுத்த கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன்.

வீட்டு முன்னால் சின்னக் கடை போட்டிருக்கிறேன், பின்னால் இரண்டு மாடு இருக்கிறது.

கடைக்கு லைசென்ஸ் கேட்பார்கள். மாடு வளர்ப்பதற்குக் கழகத்தின் துணைச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கலாம், ரோட்டில் திரிந்தால் பிடித்துக்கொண்டு போய் அபராதம் போடுவார்கள். தோட்டத்தில் மேனேஜர் கண்டும் காணாமல் விட்டது போல் இங்கே இருக்காது அக்கா.

எங்கள் இடம் இப்போது உள்ளேயா வெளியேயா, எப்படித் தெரிந்துகொள்வது?

லாட் எண்ணும் முக்கிம் பெயரும் வேண்டும். தோட்ட ஆபிசில் எழுத்தர் வேலை பார்க்கும் கிராணியிடம் கேட்டால் தெரியும். அவர் தராவிட்டால் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி நிலப் பதிவேட்டில் தேடிப் பார்க்கச் சொல்லலாம். அந்த எண்ணோடு கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், எல்லை அரசிதழ் அறிவிப்பையும் உள்ளூர்த் திட்ட வரைபடத்தையும் காட்டச் சொல்லுங்கள். நகர் கிராமத் திட்டமிடல் இலாகாவின் ஐ-பிளான் என்ற இணைய வரைபடத்திலும் உங்கள் லாட்டுக்கு என்ன நிறம் என்று பார்க்கலாம். கைப்பேசியில் தேட வராதவர்கள் வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு மேல் லாட் எண்ணை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு மண்டபத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.